ஒன்று பழுதானால் மற்றொன்று: அணுமின் நிலையத்தின் மாற்று ஏற்பாடுகள் எப்போது காப்பாற்றும், எப்போது கைவிடும்?

மஃக்ரிப் நேரத்தில் திடீரென மின்சாரம் போகிறது. பள்ளிவாசலில் யாரும் பதறுவதில்லை. இன்வெர்ட்டர் தானாகவே இயங்கத் தொடங்கி, ஒலிபெருக்கியையும் சில விளக்குகளையும் பார்த்துக்கொள்கிறது. மின்சாரம் வரத் தாமதமானால் மோதினார் ஜெனரேட்டரைப் போடுகிறார். அதுவும் மக்கர் செய்தால், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை உளூ செய்யும் இடத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மேலிருந்து கீழே இறங்க அந்தத் தண்ணீருக்கு மின்சாரம் தேவையில்லை.

இப்போது ஒரு சின்ன மாற்றம். இன்வெர்ட்டர், அதன் பேட்டரிகள், ஜெனரேட்டர் மூன்றும் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் இருக்கின்றன. ஐப்பசி மழையில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்துவிடுகிறது. மூன்று ஏற்பாடுகளும் ஒரே நேரத்தில் போய்விடும். எண்ணிக்கையில் மூன்று இருந்தும் பயனில்லை. மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உதாரணம் போதும். உலகில் இதுவரை நடந்த பெரிய அணு விபத்துகளையும், நூலிழையில் தப்பிய சம்பவங்களையும் பார்த்தால், மாற்று ஏற்பாடு அறவே இல்லாததால் நேர்ந்தவை குறைவு. ஒன்றை வீழ்த்திய அதே காரணம் மற்றவற்றையும் சேர்த்து வீழ்த்தியதுதான் பெரும்பாலும் நடந்தது.

திருத்தணி, அரக்கோணம் பகுதிகளில் வாழும் நமக்கு இது எங்கோ நடக்கும் விஷயமல்ல. நேர்கோட்டில் அளந்தால் கல்பாக்கம் நமக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். தெற்கே கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு இயங்குகின்றன. மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இருக்கும் உலைகள் பழுதானால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு குடிமகனும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அணைத்த பிறகும் அணையாத வெப்பம்

அடுப்பில் கேஸை நிறுத்தினால் தீ அணைந்துவிடும். அணு உலை அப்படியல்ல. கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே இறங்கியதும் அணுப்பிளவுத் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் அதுவரை பிளந்த அணுக்களிலிருந்து உருவான கதிரியக்கப் பொருட்கள் எரிபொருளுக்குள்ளேயே இருக்கும். அவை சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும். இந்தச் சிதைவு வெப்பத்தை எந்தப் பொத்தானாலும் நிறுத்த முடியாது.

கூடங்குளத்தின் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரம் தருவதற்கு ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. உலையை நிறுத்திய கணத்தில் அதில் சுமார் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் தொடர்ந்து வரும். ஒரு மணி நேரத்தில் இது சுமார் ஒன்றரை சதவீதமாகக் குறையும். ஒரு நாள் கழிந்த பின்னும் அரை சதவீதத்தை ஒட்டிய வெப்பம் இருக்கும். அரை சதவீதம்தானே என்று தோன்றலாம். 3000 மெகாவாட்டில் அது 15 மெகாவாட். 1500 வாட் மின்கெட்டில்கள் பத்தாயிரத்தை ஒரே அறையில் கொதிக்கவிட்டால் கிளம்பும் வெப்பத்துக்குச் சமம்.

இந்த வெப்பத்தை எடுத்துச் செல்லத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு ஓட வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். உலை நின்றுவிட்டதால் சொந்த மின்சாரம் கிடையாது. வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் நிலையம், நின்றுபோன நேரத்தில் பிறரிடம் மின்சாரம் கேட்டு நிற்கிறது. வெளி மின்சாரமும் போய்விட்டால் டீசல் ஜெனரேட்டர்கள். அவை ஓடத் தொடங்கும் வரையிலும், கருவிகளும் கட்டுப்பாட்டு அறையும் உயிரோடு இருப்பதற்கும் பேட்டரிகள். எல்லாம் போனால் தண்ணீர் கொதித்து வற்றும், எரிபொருள் உருகும், உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும், அது வெடிக்கும்.

பொறியாளர்கள் கைக்கொள்ளும் நான்கு விதிகள்

முதலாவது, ஒன்றுக்கு மேற்பட்டவை வைத்திருப்பது. ஒரு பம்பு போதும் என்ற இடத்தில் இரண்டோ நான்கோ இருக்கும்.

இரண்டாவது, வெவ்வேறு வகையானவை வைத்திருப்பது. ஒரே தயாரிப்பில் வந்த நான்கு வால்வுகளில் ஒரே குறை இருக்கக்கூடும். ஆகவே ஒன்று மின்சாரத்தில் இயங்கினால் மற்றொன்று டீசலில் இயங்க வேண்டும். ஒன்று கோல்களால் உலையை நிறுத்தினால் மற்றொன்று போரான் கலந்த திரவத்தால் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, பிரித்து வைப்பது. வெவ்வேறு கட்டடம், வெவ்வேறு உயரம், இடையே தீத்தடுப்புச் சுவர்.

நான்காவது, பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாய்வது. பல உலைகளில் கட்டுப்பாட்டுக் கோல்களை மேலே பிடித்துவைத்திருப்பது மின்காந்தம். மின்சாரம் போனால் பிடி விட்டுப்போய், கோல்கள் தம் எடையாலேயே உள்ளே விழும், உலை நிற்கும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

இந்த நான்கில் எது மீறப்பட்டது என்று கேட்டுக்கொண்டே பின்வரும் சம்பவங்களைப் படியுங்கள்.

நரோரா: பதினேழு மணி நேர இருட்டு

இந்திய அணுமின் வரலாற்றில் மிகக் கடுமையான சம்பவம் நடந்தது உத்தரப்பிரதேசத்தில், கங்கைக் கரையில் உள்ள நரோராவில். 1993 மார்ச் 31 அதிகாலை மூன்றரை மணியளவில் முதல் அலகின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் முறிந்தன. சுழலும் எந்திரம் சமநிலை இழந்து கடுமையாக அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கப் பயன்படும் ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பிடித்தது. தீ எண்ணெயிலும், பிறகு கேபிள்களிலும் பரவியது.

இதுவரை நடந்தது உலைக்கு வெளியே, டர்பைன் கட்டடத்தில். அடுத்துதான் உண்மையான ஆபத்து வந்தது. முதன்மை மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கேபிள்களும் மாற்று மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கேபிள்களும் போதிய தீத்தடுப்பு இல்லாமல் ஒரே பாதையில் போடப்பட்டிருந்தன. தீ எல்லாவற்றையும் தின்றது. ஏறத்தாழ 17 மணி நேரம் அந்த அலகு முற்றிலும் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நிறைந்ததால் ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

அன்று நாட்டைக் காப்பாற்றியவை மூன்று. ஊழியர்கள் ஒரு நிமிடத்துக்குள் கையால் உலையை நிறுத்தியது முதலாவது. இருட்டில் கைவிளக்குகளோடு மேலே ஏறி வால்வுகளைத் திறந்து, போரான் கலந்த திரவத்தை உலைக்குள் இறங்கவிட்டது இரண்டாவது. தொடர்வினை மறுபடி தொடங்காமல் இருக்க அது உதவியது. அந்தத் திரவம் இறங்கப் பம்பு தேவைப்படவில்லை, புவியீர்ப்பே போதும். மூன்றாவது, தீயணைப்புக்காக வைத்திருந்த டீசல் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பி உலையின் வெப்பத்தை வெளியேற்றியது.

கதிரியக்கம் வெளியேறவில்லை. சர்வதேச அளவுகோலில் ஏழு படிகளில் மூன்றாம் படியில் இது வைக்கப்பட்டது. எரிந்த கேபிளை நம்பியிருந்தவை அனைத்தும் செயலிழந்தன. கேபிளை நம்பாத கையும், புவியீர்ப்பும், டீசல் பம்பும் வேலை செய்தன. இதன் பிறகே இந்திய அணுமின் நிலையங்களில் கேபிள்களைப் பிரித்துப் போடுவதும் தீத்தடுப்புகளும் கண்டிப்பாக்கப்பட்டன.

கல்பாக்கம்: 2004 டிசம்பர் 26

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நம்மில் யாரும் மறக்கவில்லை. அன்று கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு இயங்கிக்கொண்டிருந்தது. முதல் அலகு குளிர்விப்புக் குழாய்களை மாற்றும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது.

இந்த நிலையம் கடலுக்கு அடியில் செல்லும் நீண்ட சுரங்கம் வழியாகக் கடல்நீரை எடுக்கிறது. சுனாமியில் அந்தச் சுரங்கத்தின் வழியே பம்பு அறையில் நீர்மட்டம் எகிறியது. கடல்நீர்ப் பம்புகள் செயலிழந்தன. ஊழியர்கள் டர்பைனையும் உலையையும் நிறுத்தினார்கள். வெளி மின்சாரம் போகவில்லை; டீசல் ஜெனரேட்டர்கள் தண்ணீரில் மூழ்கவில்லை. உலை பாதுகாப்பாகக் குளிர்ந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிக்குப் பிறகு 2005 ஜனவரித் தொடக்கத்தில் மீண்டும் இயக்கப்பட்டது.

ஆனால் அதே நாளில் கல்பாக்கம் குடியிருப்பிலும் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலும் உயிர்கள் பலியாயின. புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்த வேக ஈனுலையின் அடித்தளக் குழியில் கடல்நீர் நிரம்பியது. நிலையத்தின் வேலிக்கு உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும், வேலிக்கு வெளியே ஊழியர்களின் குடும்பங்களே சிக்கிக்கொண்டால் அடுத்த ஷிப்டுக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியையும் அந்த நாள் எழுப்பியது. மனிதர்களும் ஒரு மாற்று ஏற்பாடுதான்.

ஃபுகுஷிமா: பதின்மூன்றில் எஞ்சிய ஒன்று

கல்பாக்கம் தப்பியதற்கும், ஆறே ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பான் தப்பாததற்கும் இடையே உள்ள வேறுபாடு எந்த எந்திரம் எந்த உயரத்தில் இருந்தது என்பதில் இருக்கிறது.

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவில் நிலநடுக்கம் வந்தபோது ஃபுகுஷிமா டாய்ச்சியில் இயங்கிய மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் சரியாக ஓடத் தொடங்கின. இதுவரை எல்லாம் திட்டமிட்டபடியே. ஏறத்தாழ 50 நிமிடங்கள் கழித்து 14 மீட்டரைத் தாண்டிய அலை வந்தது. அந்த நிலையம் எதிர்பார்த்துத் தயாராக இருந்தது 5.7 மீட்டருக்கு மட்டுமே.

ஆறு அலகுகளுக்குமாகப் பதின்மூன்று டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. பெரும்பாலானவை அடித்தளங்களில் இருந்ததால் மூழ்கின. காற்றால் குளிரும் மூன்று ஜெனரேட்டர்கள் உயரமான இடத்தில் இருந்ததால் மூழ்கவில்லை. ஆனால் அவற்றில் இரண்டு பயன்படவில்லை; ஏனென்றால் அவற்றின் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பேனல்கள் கீழ்த்தளத்தில் மூழ்கிவிட்டன. எஞ்சிய ஒரே ஒரு ஜெனரேட்டர், ஆறாம் அலகினுடையது, ஐந்தாம் அலகையும் ஆறாம் அலகையும் காப்பாற்றியது. முதல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. கட்டுப்பாட்டு அறையில் கருவிகளின் அளவைப் பார்க்க ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றிவந்து இணைத்தார்கள்.

நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா அணுமின் நிலையம் தப்பியது. அது ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது.

மாற்று ஏற்பாடு இருந்தது, ஆனால்...

இயற்கைச் சீற்றம் இல்லாமலேயே மாற்று ஏற்பாடுகள் கைவிட்டதும் உண்டு.

அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் 1979 மார்ச் 28 அன்று முதன்மைத் தண்ணீர்ப் பம்புகள் நின்றன. அவசரப் பம்புகள் தாமாகவே ஓடின. ஆனால் தண்ணீர் போகவில்லை. முந்தைய பராமரிப்புப் பணியில் மூடிய வால்வுகள் திறக்கப்படாமலே இருந்தன. எட்டு நிமிடங்கள் கழித்தே அது தெரிந்தது. அதற்குள் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த இன்னொரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு, மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. அதை நம்பிய ஊழியர்கள் அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். உலையின் எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நடந்துகொண்டிருந்ததே ஒரு மாற்று ஏற்பாட்டுச் சோதனைதான். மின்சாரம் போய், டீசல் ஜெனரேட்டர் முழு வேகம் எடுக்கும்வரை உள்ள குறுகிய இடைவெளியில், சுழன்று அடங்கும் டர்பைனிலிருந்து பம்புகளுக்கு மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதற்காகவே அவசரக் குளிர்விப்பு அமைப்பை முடக்கி வைத்திருந்தார்கள். உலையின் வடிவமைப்பிலேயே இருந்த கோளாறும் சேர்ந்து பேரழிவானது.

சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில் 2006 ஜூலை 25 அன்று வெளி மின்நிலையத்தில் ஏற்பட்ட குறுக்குமின்சுற்றால் மின்னழுத்தம் எகிறியது. நான்கு தனித்தனிப் பாதுகாப்புத் தொகுதிகளில் இரண்டில் தடையில்லா மின்வழங்கிகள் நின்றுபோயின. அவற்றை நம்பியிருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்களும் இணையவில்லை. நான்கும் ஒரே வகைக் கருவியையே நம்பியிருந்தன. இரண்டு தப்பியதால் உலை தப்பியது.

நமது கல்பாக்கத்திலேயே, எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில், 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதானதால் அதிகக் கதிரியக்கம் கொண்ட கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் வந்தது. அங்கே அதைக் கண்டு எச்சரிக்கும் கருவி இருக்கவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போன ஆறு ஊழியர்கள் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பன்மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒரு வால்வு, அதன் பின்னால் ஒன்றுமில்லை. எச்சரிக்கை மணியும் ஒரு மாற்று ஏற்பாடே என்பதை அந்த ஆறு பேரின் உடல் சொன்னது.

ஏற்பாடுகள் சரியாக வேலை செய்த நாளும் உண்டு. குஜராத்தின் காக்ராபாரில் 2016 மார்ச் 11 அன்று, ஃபுகுஷிமாவின் ஐந்தாம் நினைவு நாளில், முதல் உலையின் குளிர்விப்புக் குழாய் ஒன்றில் விரிசல் ஏற்பட்டுக் கன நீர் கசிந்தது. உலை தானாக நின்றது. அவசரக் குளிர்விப்பு அமைப்பு எதிர்பார்த்தபடி இயங்கியது. அதே நிலையத்தில் 1994 ஜூனில் பெருமழையின்போது அருகிலிருந்த ஏரியின் மதகுகளைத் திறக்க முடியாமல் டர்பைன் கட்டடத்துக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. நல்லவேளையாக அப்போது உலை நிறுத்தப்பட்டிருந்தது. ஃபுகுஷிமாவுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே வெள்ளம் நமக்குப் பாடம் சொல்லியிருந்தது.

கூடங்குளத்தில் என்ன இருக்கிறது?

கூடங்குளம் ரஷ்யத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டது. முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலை 13 அன்று. இரண்டாவதில் 2016 ஜூலை 10 அன்று. ஒவ்வோர் உலைக்கும் நான்கு தனித்தனிப் பாதுகாப்புத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி டீசல் ஜெனரேட்டர். ஒன்று மட்டும் இயங்கினாலும் வெப்பத்தை வெளியேற்றப் போதும் என்பது வடிவமைப்பு.

இவற்றுக்கு மேல், மின்சாரமே தேவைப்படாத ஏற்பாடுகளும் உண்டு. நீராவி தானாக மேலெழுந்து, வெளிக் காற்றால் குளிர்ந்து, தண்ணீராகித் திரும்பும் வெப்ப வெளியேற்ற அமைப்பு அதில் முக்கியமானது. அழுத்தம் குறைந்தால் தாமாகவே போரான் கலந்த நீரை உலைக்குள் செலுத்தும் தொட்டிகள் உண்டு. ஹைட்ரஜன் சேராமல் தடுக்கும் கருவிகள், இரட்டைச் சுவர்க் கவசம் ஆகியவையும், எரிபொருள் உருகி இறங்கினால் தாங்கிக்கொள்ளும் கலனும் உள்ளன. பள்ளிவாசலின் மேல்நிலைத் தொட்டி போன்ற ஏற்பாடுகள் இங்கே பல. காகிதத்தில் பார்த்தால் இது கல்பாக்கத்தைவிட ஒரு தலைமுறை முன்னேறியது.

ஆனால் ஏற்பாடு என்பது வரைபடத்தில் இருப்பதல்ல, தேவைப்படும் நாளில் திறக்கும் வால்வு. 2013 ஏப்ரலில், உலை தொடங்குவதற்கு முந்தைய சோதனையில், நான்கு வால்வுகள் சரியாக இயங்கவில்லை என்று தெரிந்து அவற்றை மாற்றும்படி ஒழுங்குமுறை வாரியம் உத்தரவிட்டது. சோதனையில் குறை வெளிப்பட்டது நல்லதே, சோதனை அதற்காகத்தான். அதேசமயம், தரம் குறைந்த பாகங்கள் வந்திருக்கக்கூடும் என்று இடிந்தகரை மக்களும் விஞ்ஞானிகள் சிலரும் எழுப்பிய கேள்வி வெறும் பீதி அல்ல என்பதையும் அது காட்டியது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோது, பாகங்களின் தரத்தை உறுதிசெய்வது உட்பட 15 நிபந்தனைகளை விதித்தது. 2014 மே 14 அன்று டர்பைன் பகுதியில் வால்வு பராமரிப்பின்போது வெந்நீர் பீறிட்டு ஆறு ஊழியர்கள் காயமடைந்தார்கள். அது கதிரியக்க விபத்து அல்ல. ஆனால் அணுமின் நிலையத்திலும் முதலில் அடிபடுவது தொழிலாளியின் உடல்தான்.

2019இல் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீங்கு நிரல் புகுந்திருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் அந்த வலைப்பின்னலோடு இணைக்கப்படவில்லை என்றும் சொன்னது. நரோராவில் கேபிளைப் பிரிக்காததால் வந்த ஆபத்தும், இங்கே வலைப்பின்னலைப் பிரித்ததால் கிடைத்த பாதுகாப்பும் ஒரே விதியின் இரு பக்கங்கள்.

கண்காணிப்பது யார்?

இந்தியாவில் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிப்பது 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு எல்லா நிலையங்களும் ஆய்வு செய்யப்பட்டன. வெளியிலிருந்து குழாய் இணைத்து உலைக்குத் தண்ணீர் செலுத்தும் வசதி, இடம் மாற்றிக் கொண்டுசெல்லக்கூடிய ஜெனரேட்டர்கள், கடலோர நிலையங்களில் கூடுதல் வெள்ளத் தடுப்பு போன்றவை பரிந்துரைக்கப்பட்டன.

ஆனால் 2012இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இந்த வாரியம் போதிய சட்ட அதிகாரம் இல்லாமல் அரசுத் துறைக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே இருக்கிறது என்று கடுமையாகக் குறை கூறியது. இதையும் நாம் பார்த்துவரும் அதே அளவுகோலால் அளக்கலாம். நிலையத்தை நடத்துபவர் முதல் தடுப்பு. கண்காணிப்பவர் இரண்டாம் தடுப்பு. இருவரும் ஒரே தலைமைக்குக் கட்டுப்பட்டால், இரண்டு கேபிள்கள் ஒரே குழாயில் போவதைப் போலத்தான்.

மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தூரம் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. நிலையத்துக்கு வெளியே அவசர நிலை அறிவிக்கப்பட்டால் நடவடிக்கைக்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சியர். கல்பாக்கத்துக்குச் செங்கல்பட்டு, கூடங்குளத்துக்குத் திருநெல்வேலி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் பகுதியிலும் ஒத்திகை நடத்தப்பட வேண்டும். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பிரிவு கதிரியக்க அவசர நிலைகளுக்கும் பயிற்சி பெற்றது.

அறிவிப்பு வந்தால் முதலில் செய்ய வேண்டியது வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னல்களை மூடுவது, திறந்து வைத்த தண்ணீரையும் உணவையும் தவிர்ப்பது, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதிகாரிகள் சொல்வதைக் கேட்பது. அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொன்னால் மட்டும் எடுக்க வேண்டும். அது தைராய்டுச் சுரப்பியை மட்டுமே காக்கும். எல்லாக் கதிர்வீச்சுக்கும் மருந்தல்ல. வாட்ஸ்அப்பில் வரும் எதையும் உறுதி செய்யாமல் பகிர்வது, நெரிசலில் மக்கள் மடியக் காரணமாகலாம்.

திருத்தணி 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. அதனால் நமக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். ஃபுகுஷிமாவில் காற்றின் திசையால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஈடாடே கிராமமும் காலி செய்யப்பட்டது. கடலோரத்திலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தால் அவர்கள் வந்து சேரும் ஊர்களில் நம் ஊர்களும் இருக்கலாம். பெருவெள்ள நாட்களில் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டுச் சாதி மதம் பாராமல் சோறிட்ட சமுதாயம் இது. தங்க இடம், மூடிய தொட்டியில் குடிநீர், நம்பகமான செய்தி ஆகிய மூன்றையும் இப்போதே யோசித்து வைக்கலாம்.

அடுத்து, கேள்வி கேட்பது. நம் தொகுதிப் பிரதிநிதிகளிடமும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. கடைசியாக மக்கள் ஒத்திகை எப்போது நடந்தது? அதில் கண்ட குறைகள் என்ன, சரிசெய்யப்பட்டனவா? ஃபுகுஷிமாவுக்குப் பின் வந்த பரிந்துரைகளில் எவை முடிந்தன? டீசல் ஜெனரேட்டர்களும் அவற்றின் மின்பேனல்களும் எந்த உயரத்தில் உள்ளன? வெளி மின்சாரமும் டீசலும் ஒருசேரப் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? இப்படிக் கேட்பது தேசத்துக்கு எதிரானது அல்ல; தேசத்தில் வாழ்பவர்களின் உயிர் மீதான அக்கறை.

ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழி நாம் அனைவரும் அறிந்ததே. தவக்குல் என்பது கயிற்றை விட்டுவிடுவதல்ல. கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகு படைத்தவனை நம்புவது. நரோராவில் இருட்டில் படியேறிய அந்த ஊழியர்கள் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிப்பட்ட மனிதர்கள் சரியான இடத்தில் இருப்பார்கள் என்று நம்பி ஒரு நிலையத்தை நடத்த முடியாது. ஒரு கயிறு அறுந்தால் இன்னொன்று பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே முளையில் கட்டக்கூடாது. அந்த முளையை அவ்வப்போது அசைத்துப் பார்க்கும் உரிமையும் கடமையும் மக்களாகிய நமக்கு இருக்கிறது.

அல்லாஹ் நம் நாட்டையும் மக்களையும் எல்லா விபத்துகளிலிருந்தும் பாதுகாப்பானாக.